இறங்குதுறையில் விற்ற எண்ணெயும் கைபேசியில் வந்த காணொளியும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆற்றிய உரை. மேடையில் பேசியபடியே, சில திருத்தங்களுடன்.)



எங்கள் இருவரில் ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்றவர் விஞ்ஞானம் படிப்பித்தவர். ஒரே வாங்கில் இருந்து படித்த பழக்கத்தில் இன்றைக்கும் ஒரே ஒலிவாங்கியில் பேசச் சம்மதித்தோம். ஆர் எந்த வசனத்தைச் சொல்வது என்று நேற்றிரவு வரை பிடுங்குப்பட்டோம். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம். எவராவது ஒரு வசனத்துக்குக் கோபிப்பதானால் இரண்டு பேரையும் சேர்த்தே கோபியுங்கள்.

போன ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசையில் நின்றோம். வெய்யில் என்றால் சொல்லி வேலையில்லை. வள்ளம் ஒன்று நிரம்பிப் போக, அடுத்தது வரும்வரை நிற்க வேண்டும். அங்கே ஒரு பெடியன், கையில் சின்ன ஒலிபெருக்கி, தோளில் பை, பைக்குள் போத்தல்கள். பதினேழு மூலிகை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். மூட்டு நோவுக்குப் பூசலாம், தலைக்கு வைத்தால் முடி கொட்டாது, ஒரு கரண்டி குடித்தால் சலரோகம் இறங்கும், பிரஷர் இறங்கும், மூலம் போகும். இறங்கும், போகும், கொட்டாது என்று அவன் சொல்லச் சொல்ல வரிசையில் நின்ற சனம் காசை எடுத்தது. வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு குடும்பம் ஆறு போத்தல் வாங்கியது.

நாங்கள் கேட்டோம்: "தம்பி, இதைப் பாவிச்சு ஆருக்குச் சுகம் வரேல்லை?"

அவன் சிரித்தான். "எல்லாருக்கும் வந்ததம்மா."

"ஒராளுக்குக்கூட வராமல் இருக்கேல்லையோ?"

கொஞ்சம் யோசித்தான். ஒலிபெருக்கியை வாயில் இருந்து எடுத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்: "அம்மா, நான் விக்கிற ஆள். காய்ச்சுறது வேற ஆள்."

நல்ல பிள்ளை. அந்த நேர்மைக்காகவே ஒரு போத்தல் வாங்கினோம். அது இன்னும் வீட்டில் இருக்கிறது, முழங்காலுக்குப் பூசினால் சுகமாகத்தான் இருக்கிறது. சூடாக்கிப் பூசி உருவினால் நல்லெண்ணெயும் அந்தச் சுகத்தைத் தரும் என்பது வேறு கதை. போத்தலில் ஒட்டியிருந்த தாளில் மயில் படம் இருந்தது. காய்ச்சியவர் பெயர் இல்லை, விலாசம் இல்லை, பதினேழு மூலிகையில் ஒன்றின் பெயர்கூட இல்லை.

இதைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைப்பது எங்கள் நோக்கமல்ல. அந்தப் பெடியனிடம் நாங்கள் கேட்ட கேள்வியை, அதற்கு இரண்டு வருடம் முன்பு இன்னொரு ஆளிடம் கேட்காமல் விட்டோம். அதைத்தான் இந்த மேடையில் சொல்ல வேண்டும் என்று நினைத்தோம்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி. பெயர் சொல்லப் போவதில்லை. கூடப் படித்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை. வலைப்பந்து விளையாட்டில் அவளைத் தாண்டிப் பந்து போகாது. கடைசிவரை தீவிலேயே இருந்தாள். ஒருநாள் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. கிளினிக்கில் காட்டியபோது, உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போய்த் துண்டு எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் போகவில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை.

அந்த மாதத்தில்தான் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. கடல் கடந்த ஊரில் இருந்து பேசும் ஒரு இயற்கை வைத்தியர். வெள்ளை வேட்டி, பின்னால் தென்னந்தோப்பு, நல்ல தமிழ். கத்தி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவும் என்றார். முள்ளு அன்னமுன்னா இலையை அவித்துக் குடித்தால் போதும், அது வைத்தியசாலையில் ஏற்றும் மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வலியது, மருந்துக் கம்பனிகள் அதை மறைத்துவிட்டன என்றார். ஏழு மாதம் அவள் அந்த இலையை அவித்துக் குடித்தாள். பாலை விட்டாள், சீனியை விட்டாள், மெலிந்தாள். மெலிவதை மருந்து வேலை செய்வதாக எடுத்துக்கொண்டாள். கட்டி வெடித்துப் புண்ணான பிறகுதான் தெல்லிப்பழைக்குப் போனாள். அங்கே செய்யக்கூடியதைச் செய்தார்கள். பிந்திவிட்டது.

நாங்கள் போய்ப் பார்த்தபோது, ஏன் எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை என்று அழுதோம். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கள் ரெண்டு பேரும்தானே அந்த வீடியோவைப் போட்டனீங்கள்? ஒராள் நேர்ஸ், மற்றாள் சயன்ஸ் ரீச்சர். பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?"

உண்மை. போட்டது நாங்கள்தான். ஒருவர் போட, மற்றவர் கைகூப்பும் படம் போட்டார். பதினான்கு நிமிடக் காணொளியில் முதல் இரண்டு நிமிடத்தைத்தான் பார்த்திருந்தோம். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் கீரை சாப்பிடச் சொன்னார், நேரத்துக்கு நித்திரை கொள்ளச் சொன்னார். நல்ல விசயம்தானே என்று அனுப்பிவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டோம்.

அவள் அந்த மனிதரை நம்பவில்லை. எங்களை நம்பினாள். நம்பகத்தன்மை என்று பெரிய சொல்லாகச் சொல்கிறோமே, அது பேசுகிறவரிடம் மட்டும் இருப்பதில்லை. அனுப்புகிறவளின் பெயரும் அதோடு சேர்ந்து போகிறது. இந்தப் பள்ளியில் படித்தவள், கம்பஸ் போனவள், தாதி, ரீச்சர், ரொரன்ரோவில் வங்கியில் வேலை செய்பவள் என்று நாங்கள் உழைத்துச் சம்பாதித்த மதிப்பெல்லாம், முகம் தெரியாத ஒரு வியாபாரிக்கு இலவசமாகப் போய்ச் சேர்கிறது.

அவள் செத்தவீடு முடிந்த பிறகு அந்தப் பதினான்கு நிமிடத்தையும் உட்கார்ந்து பார்த்தோம், கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு. அதில் கண்டதைச் சொல்கிறோம்.

முதலில் அந்தப் பத்தாயிரம் மடங்கு. அது முழுப் பொய் அல்ல, அதனால்தான் ஆபத்து. 1996 இல் அமெரிக்காவில் முள்ளு அன்னமுன்னா விதையில் இருந்து பிரித்தெடுத்த ஒரு பதார்த்தத்தை, ஆய்வுகூடக் கிண்ணத்தில் வளர்த்த ஒரு வகைப் பெருங்குடல் புற்றுக் கலங்களில் சோதித்தார்கள். அந்தக் கலங்களில் அது ஒரு மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வலுவாக வேலை செய்தது. அவ்வளவுதான். இலையுமல்ல, அவித்த தண்ணீருமல்ல, மனிசரில் பார்த்ததுமல்ல. கிண்ணத்தில் கலத்தைக் கொல்வது பெரிய காரியமே இல்லைப் பிள்ளைகள். நாங்கள் கிணற்றுக்குப் போடும் குளோரினும் கொல்லும். ஆளுக்குச் சேதமில்லாமல் நோயை மட்டும் கொல்வதுதான் கஷ்டம். அதே பழத்தையும் இலைத் தேநீரையும் மிகுதியாகப் பாவிக்கும் குவாதலூப் தீவில், வழக்கத்துக்கு மாறான ஒருவகை நடுக்குவாத நோய் கூடுதலாகக் காணப்படுவதாகவும், இந்தத் தாவரத்தோடு தொடர்பு இருக்கலாம் என்றும் 1999 இல் லான்செற் சஞ்சிகையில் வைத்தியர்கள் எழுதினார்கள். அது இன்னும் ஐயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பக்க விளைவே இல்லை' என்று அவர் காணொளியில் சொன்னது எவ்வளவு துணிச்சல் என்று பாருங்கள்.

இரண்டாவது, காணொளியில் சுகம் வந்ததாகப் பேசிய ஐந்து பேர். ஐந்து பேரும் உண்மையையே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்களில் எவருக்குப் புற்று என்று துண்டெடுத்து உறுதிசெய்யப்பட்டது? எவர் முன்பே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்? எங்கள் சிநேகிதி அந்தக் காணொளியில் பேச மாட்டாள். அவளைப்போல் போனவர்கள் எவரும் பேச மாட்டார்கள். இறங்குதுறைப் பெடியனிடம் நாங்கள் கேட்ட கேள்வி இதற்காகத்தான்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் இதை எண்ணிப் பார்த்தார்கள். பரவாத நிலையில் இருந்த, குணப்படுத்தக்கூடிய புற்றுநோயாளரில், வழமையான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் தெரிந்த 281 பேரை, வழமையான சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டார்கள். 2018 இல் வெளிவந்த அந்த ஆய்வில், மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் அது ஐந்து மடங்குக்கும் மேல். மார்பகப் புற்று நேரத்துக்குப் பிடித்தால் பிழைக்கக்கூடிய நோய் என்பதால்தான் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக வருகிறது. இந்த இலக்கத்தை வாசித்தபோது எங்களுக்கு அந்த ஏழு மாதம்தான் கண்ணுக்குள் நின்றது.

மூன்றாவது, பத்தாவது நிமிடத்தில் அவர் தன் பொதியின் விலையைச் சொன்னார். நாங்கள் அதுவரை பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டோமோ என்று எங்களையே கேட்டோம். நேர்மையாகச் சொன்னால், தெரியாது.

விற்பதாலேயே ஒருவர் பொய்யர் ஆகிவிட மாட்டார், அதையும் சொல்ல வேண்டும். பரியாரியாருக்கும் வயிறு இருக்கிறது. மறுபக்கத்தில், காசு வாங்காததாலும் மனதார நம்புவதாலும் ஒருவர் சொல்வது உண்மையாகிவிடாது. இதற்கு எங்கள் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2020 மார்கழியில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர், காளி அம்மன் அருளியது என்று தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணியைக் கொண்டுவந்தார். அதைக் குடித்தால் கோவிட் வராது என்றார். கூட்டம் கூடக் கூடாது என்றிருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான சனம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். அடுத்த தையில் அவருக்கே கோவிட் உறுதியானது, தீவிர சிகிச்சைப் பிரிவுவரை போய்த் தப்பினார். அதற்குச் சில வாரம் முன்னர், எலியந்த வைற் என்ற வைத்தியரின் சொற்படி மந்திரித்த தண்ணீர்க் குடங்களை அவர் ஆற்றில் விட்டதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எலியந்த வைற்றிடம் அரசியல் தலைவர்களும் கிரிக்கெற் நட்சத்திரங்களும் போனார்கள். 2021 புரட்டாதியில் அவர் கோவிட்டினாலேயே காலமானார்.

ஒருவரின் சாவைச் சொல்லிக் கெலிக்க நாங்கள் வரவில்லை. அந்த மனிதர் தன் தண்ணீரை உண்மையாகவே நம்பியிருக்கலாம். அமைச்சரும் நம்பியிருக்கலாம். நாங்கள் வழக்கமாக ஒருவரை எடைபோடுவது முகத்தைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, ஆர் ஆர் அவரிடம் போகிறார்கள் என்று பார்த்து. அந்த மூன்றும் அங்கே இருந்தன. மருந்து மட்டும் இருக்கவில்லை.

தமிழ்நாட்டுக் காணொளிகளை எங்கள் ஆட்கள் விரும்பிப் பார்க்கிறார்கள். அங்கே 2018 ஆடியில் திருப்பூரில் ஒரு இளம் தாய், இணையத்தில் பார்த்தபடி வீட்டிலேயே பிள்ளைப்பேறு பார்க்க முயன்று இறந்துபோனார். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கைதானார். எங்கள் அம்மாமாரும் வீட்டில்தானே பெற்றார்கள் என்று சொல்வோம். எங்கள் அம்மாமார் எத்தனை பேர் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார்கள் என்பதையும் ஊரில் உள்ள கிழவிகளிடம் கேளுங்கள். நெடுந்தீவில் இருந்து இரவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வள்ளத்தில் ஏற்றிக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவருவது எப்படி என்று கண்டவர்கள், 'இயற்கையாக விடுங்கள்' என்று லேசில் சொல்ல மாட்டார்கள்.

இப்போது பின்வரிசையில் ஒரு அக்காவின் முகம் சுருங்குவது தெரிகிறது. இவளவை இங்கிலீஷ் மருந்துக்கு வக்காலத்து வாங்க வந்தவளவை என்று நினைக்கிறீர்கள். இல்லையக்கா. எங்கள் வீட்டிலும் தடிமன் வந்தால் வேர்க்கொம்பும் கொத்தமல்லியும்தான் முதலில் அடுப்பில் ஏறும். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைக்காமல் நாங்கள் விடுவதில்லை. செகராசசேகரம், பரராசசேகரம் என்று மன்னர் காலத்திலேயே வைத்திய நூல் எழுதிய நாடு இது. அதே நாட்டில்தான் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். இன்றைக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று வருகிறார்கள், கைதடியில் அதற்கென்று போதனா வைத்தியசாலை இருக்கிறது. படித்த சித்த வைத்தியர் ஒருவர் மார்பில் கட்டி என்று போனால், 'முதலில் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள்' என்றுதான் சொல்வார். 'அங்கே போகாதே' என்று சொல்பவர் எந்த வைத்தியத்தைச் சேர்ந்தவரானாலும் எழும்பி வந்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் உங்களோடு விவாதிக்கத் தயார். இதில் மட்டும் விவாதமில்லை.

மூலிகையில் மருந்து இருப்பது நிச்சயம். வளவு வேலி ஓரமெல்லாம் நிற்கும் நித்தியகல்யாணியில் இருந்துதான், பிள்ளைகளின் இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்ரின் வருகிறது. ஆனால் அதைப் பிரித்து, சுத்தமாக்கி, நாளத்தில் மில்லிகிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். இலையை அவித்துக் குடித்தால் அது நஞ்சு. எங்கள் நாட்டு கொத்தலஹிம்புட்டுத் தேநீரைச் சலரோகக்காரர் 51 பேருக்குக் கொடுத்து, அவர்களுக்கே தெரியாமல் வெறும் தேநீரையும் மாற்றிக் கொடுத்துப் பரிசோதித்து, 2005 இல் இலங்கை வைத்தியர்கள் வெளியிட்டார்கள். சீனி அளவு கொஞ்சம் குறைந்தது. 'கொஞ்சம்' என்றுதான் அவர்களும் எழுதினார்கள், குளிசையை நிறுத்து என்று எழுதவில்லை. ஒரு மூலிகையை உண்மையில் மதிப்பது அப்படித்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இயற்கையானது கெடுதல் செய்யாது என்ற பேச்சுக்கு விளிம்பிக்காய் ஒன்று போதும். ஊறுகாய்க்கும் மீன் கறிக்கும் போடுகிற அதே விளிம்பிதான். கொலஸ்ரரோலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு கேரளத்தில் பலர் அதைப் பிழிந்து சாறாகக் குடித்தார்கள். சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 பேரைப் பற்றி அங்குள்ள வைத்தியர்கள் 2013 இல் எழுதினார்கள். அந்தக் காயில் உள்ள ஒக்சலேற் சிறுநீரகத்தில் போய்ப் படிந்துவிட்டது. 7 பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டி வந்தது. கறியில் நாலு காய் போடுவதற்கும் வெறும் வயிற்றில் ஒரு குவளை சாறு குடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. சலரோகம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் மெலிவதற்காகக் கொடுத்த சீன மூலிகைக் குளிசையில், ஒரு மூலிகைக்குப் பதிலாக எங்கள் ஈச்சுரமூலி இனத்தைச் சேர்ந்த வேறொன்று மாறிக் கலந்துபோய், நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அங்கே ஒருவரும் ஏமாற்ற நினைக்கவில்லை. பெயர் மாறியது, அவ்வளவுதான். போத்தலில் பெயரே இல்லாவிட்டால் எதைப் பிடித்து விசாரிப்பது?

வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சிமாருக்கு ஒரு சொல். ஊரில் இருந்து லேகியமும் பஸ்பமும் எடுப்பிக்கிறீர்கள். 2004 இல் அமெரிக்காவில் பொஸ்ரன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைப் பரிசோதித்தபோது 14 இல் ஈயமோ பாதரசமோ ஆசனிக்கோ இருந்தது. கனடாவில் அனுமதி பெற்ற இயற்கை மருந்துப் பொருளில் என்பிஎன் என்று எட்டு இலக்க எண் இருக்கும், பிரித்தானியாவில் ரிஎச்ஆர் என்ற அடையாளம் இருக்கும். அந்த அடையாளம் இருந்தால் உள்ளே இருப்பது இன்னது என்று ஓரளவு நம்பலாம். நோயைக் குணமாக்கும் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல. இலங்கையில் ஒரு சுதேச வைத்தியர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்கலாம். கேட்டால் கோபிக்கிறவர் ஏன் கோபிக்கிறார் என்று யோசியுங்கள்.

எங்கள் வகுப்புக் குழுவில் இப்போது ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். வைத்தியக் காணொளி போடுகிறவள் கடைசிவரை பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டுத் தன் கைப்பட ஒரு வரி எழுத வேண்டும்: சொல்பவர் ஆர், எதை விற்கிறார், எதை நிறுத்தச் சொல்கிறார். அந்த ஒரு வரி எழுதப் பஞ்சிப்பட்டே முக்கால்வாசிப் பேர் போடுவதை விட்டுவிட்டார்கள். குழு கொஞ்சம் அமைதியாகிவிட்டது, சிலருக்கு எங்களில் மனத்தாங்கலும் உண்டு. பரிஸில் இருக்கும் ஒருத்தி குழுவை விட்டே போய்விட்டாள். நேற்று விழாவுக்கு வந்தவள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுவாள், அவளை எங்களுக்கு ஆறாம் வகுப்பில் இருந்து தெரியும்.

எங்கள் சிநேகிதியின் மகள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். இதைச் சொல்ல அவளிடம் அனுமதி கேட்டோம். "சொல்லுங்கோ அன்ரி, அம்மாவின்ர பேரை மட்டும் சொல்லாதேங்கோ" என்றாள்.

தேநீர் இடைவேளைக்கு மணி அடிக்கப் போகிறது. நாங்கள் இருவரும் பழைய ஆய்வுகூட வாசலில், வேம்புக்குக் கீழே மேசை போட்டு இருப்போம். பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றும் வைத்திருக்கிறோம். கைப்பையில் இருக்கும் போத்தல், பொடி, குளிசைச் சிட்டை எதுவானாலும் கூச்சப்படாமல் கொண்டு வாருங்கள். ஒட்டியிருக்கும் தாளைச் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். மயில் படம் போட்ட போத்தலை நாங்களும் கொண்டு வந்திருக்கிறோம்.